புதுப்பிப்பு: அம்மா போனில் இப்போது மூன்றே பட்டன்
போன மாதம் புலம்பியிருந்தேன்: நெட் போனால் தண்ணீர் மோட்டார் சுவிட்சை இயக்கும் மொபைல் ஆப் படுத்துவிடுகிறது, 23 ஐகானைப் பார்த்ததும் அம்மா போனை ஓரமாக வைத்துவிடுகிறார் என்று. இரண்டுக்கும் வழி பிறந்துவிட்டது.

சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் சாஃப்ட்வேரைப் போட்டேன். பழைய சுவிட்ச் தன் கம்பெனி சர்வரைத் தவிர யாரோடும் பேசாது. அதைக் கழற்றிவிட்டு, வீட்டு வைஃபைக்குள்ளேயே கட்டளை வாங்கிக்கொள்ளும் ஒன்றை மாட்டினேன். நேற்று நெட் இல்லை, தொட்டி நிறைந்தது.

ஆளுக்கொரு லாகின், ஆளுக்கொரு டாஷ்போர்டு (பட்டன்கள் இருக்கும் திரை). அம்மாவுக்கு மோட்டார், ஹால் ஃபேன், வாசல் லைட்டு மட்டும், தமிழில், பெரிய எழுத்தில். மோட்டார் 20 நிமிஷத்தில் தானே நின்றுவிடும். முதல் நாள் மாடி ஏறி, குழாயில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்த பிறகுதான் நம்பினார்.

ஒன்று கவனிக்கணும்: டாஷ்போர்டில் ஒரு பக்கத்தை மறைப்பது பூட்டுப் போடுவது ஆகாது. அந்தப் பக்கத்தின் லிங்க் தெரிந்தால் திறந்துவிடலாம். வாண்டுகள் இருக்கும் வீட்டில் ஜாக்கிரதை.

வயரிங் கேட்டவர்களுக்கு: 1 ஹெச்பி மோட்டாரை அந்தச் சின்ன சுவிட்ச் நேரடியாக ஓட்டவில்லை, நடுவில் கான்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய மின்காந்த சுவிட்ச்) இருக்கிறது. அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டேன்.