டைட்டானிக் சிதைவுக்குச் சுற்றுலா: தடையா, கட்டுப்பாடா?

செந்தூல் வாசகி (கோலாலம்பூர்):
டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காணச் சென்ற டைட்டன் நீர்மூழ்கி 2023 ஜூன் 18ஆம் நாள் ஆழ்கடலில் நொறுங்கி, அதிலிருந்த ஐவரும் மாண்டனர். அது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கை 2025 ஆகஸ்டில் கூறிவிட்டது. ஓர் இருக்கைக்குக் கட்டணம் 250,000 டாலர்; அன்றைய மதிப்பில் பத்து லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல். 1912இல் ஏறத்தாழ 1,500 பேர் உயிரிழந்த கப்பலைக் காசுக்குக் காட்டும் இந்தத் தொழிலையே தடை செய்ய வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

பட்டர்வொர்த் பொறியாளர்:
அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. கப்பல் இயந்திர அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 390 கிலோ எடை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைச் சீராகப் பகிர்ந்துகொள்ளும் வடிவம் கோளம் என்பதால்தான் அமெரிக்காவின் ஆல்வின், பிரான்சின் நோட்டீல், ரஷ்யாவின் மிர் ஆகிய ஆழ்கடல் நீர்மூழ்கிகள் மூன்று பேர் மட்டுமே அமரக்கூடிய உலோகக் கோளத்தைக் கொண்டு கட்டப்பட்டன. டைட்டனிலோ, ஐந்து பேரை ஏற்றுவதற்காக உடற்பகுதியைக் கார்பன் இழையாலான உருளையாக்கி, இரு முனைகளிலும் டைட்டானிய வளையங்களைப் பசையால் ஒட்டி, அவற்றின் மேல் டைட்டானிய மூடிகளைப் பொருத்தியிருந்தார்கள். இழுவிசைக்குப் பேர்போன அந்த இழை, அமுக்கத்தில் எப்போது கைவிடும் என்று கணிப்பது கடினம். ஒவ்வொரு முறை மூழ்கி எழும்போதும் அடுக்குகளுக்கு இடையே சேதம் சேர்ந்துகொண்டே போகும். 2022இல் ஒரு பயணத்தின்போது பெரும் வெடிச்சத்தம் கேட்ட பிறகும் அதே உடலைத்தான் மீண்டும் இறக்கினார்கள். எந்தச் சான்றளிப்பு அமைப்பும் அதைப் பரிசோதிக்கவில்லை. 2018இலேயே துறை வல்லுநர்கள் பலர் கவலை தெரிவித்திருந்தனர்.

இதற்கு மாறாக, டிஎன்வி என்னும் சான்றளிப்பு அமைப்பின் சான்று பெற்ற லிமிட்டிங் ஃபேக்டர் என்னும் நீர்மூழ்கி 2019இல் ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழம்வரை பலமுறை இறங்கி, அதே ஆண்டு டைட்டானிக்கையும் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பியது. ஆகவே கட்டாயச் சான்றைக் கேளுங்கள், தடையைக் கேட்காதீர்கள்.

ஜார்ஜ்டவுன் மாணவன்:
ஐயா, பாதுகாப்பாகப் போக முடியும் என்பதை ஏற்கிறேன். போக வேண்டிய தேவை என்ன என்பதற்குப் பதில் வரவில்லை. 2022இலேயே ஆளில்லா நீர்மூழ்கிகள் ஏறத்தாழ ஏழு லட்சம் படங்களை எடுத்து, முழுச் சிதைவையும் முப்பரிமாண வடிவில் பதிவு செய்துவிட்டன. ஒரு சிறு சாளரத்தின் வழியே சில மணி நேரம் எட்டிப் பார்ப்பவருக்கு, இருட்டில் விளக்கொளி எட்டும் அளவு மட்டுமே தெரியும். ஆய்வு என்ற பெயரில் பயணிகளைக் குழு உறுப்பினர்களாகக் கணக்குக் காட்டியதுதான் இதில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுகிறது.

குவாந்தான் முக்குளிப்பாளர் (தற்போது பினாங்கு):
ஆள் போகாத சிதைவு பத்திரமாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய போர்க்கப்பல்களோடு ஏறத்தாழ 840 பேர் மாண்டனர். அவையும் கல்லறைகளே. இரும்புத் திருடர்கள் அவற்றைப் பல ஆண்டுகளாகப் பிய்த்து எடுத்தனர். 2023 மே மாதம் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் தடுத்து வைத்த சீனக் கப்பலில் பழைய பீரங்கிக் குண்டுகள் கிடைத்தன. அந்தச் சேதத்தை வெளியே சொன்னவர்களில் முக்குளிப்பாளர்களும் உண்டு. ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பயணிகள் கண்காணிப்புக்கும் உதவுவார்கள்.

செந்தூல் வாசகி:
சகோதரரே, அந்த இரு கப்பல்களும் எழுபது மீட்டருக்குள் கிடக்கின்றன. 3,800 மீட்டருக்கு எந்த இரும்புத் திருடனும் இரும்பை அள்ளும் கவ்வியை இறக்கிக்கொண்டு வரமாட்டான். 1914 அக்டோபர் 28 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்த ஷெம்சுக் கப்பலின் ரஷ்ய மாலுமிகளுக்கு உங்கள் பினாங்கிலேயே, வெஸ்டர்ன் சாலைக் கல்லறையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. மரியாதை செலுத்த விரும்புகிறவர் கரையிலேயே செலுத்தலாம்.

அதைவிட முக்கியமானது தேடுதல். டைட்டனுக்காக அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகள் கப்பலும் விமானமும் அனுப்பின. நான்கு நாள் கழித்து, டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டரில் சிதறல்கள் கிடைத்தன. அந்தச் செலவை வரி கட்டுகிறவர் ஏன் சுமக்க வேண்டும்?

பட்டர்வொர்த் பொறியாளர்:
சுமக்கக் கூடாது. தேடுதல் செலவுக்கான காப்புறுதியைக் காட்டாத நிறுவனத்தின் கப்பல் துறைமுகத்தை விட்டே கிளம்பக் கூடாது என்று விதி செய்யலாம். கிள்ளான் துறைமுகத்திற்கு வரும் அந்நியக் கப்பல்களை நம் கடல்துறை அதிகாரிகள் ஏறிச் சோதிப்பதில்லையா? குறை இருந்தால் பிடித்து வைக்கிறார்கள் அல்லவா?

ஜார்ஜ்டவுன் மாணவன்:
ஐயா, அங்கேதான் ஓட்டை இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து டைட்டனை இழுத்துக்கொண்டு கிளம்பிய தாய்க்கப்பல் போலார் பிரின்ஸ் முறையாகப் பதிவான கப்பல். டைட்டனோ எந்த நாட்டின் கொடியின்கீழும் பதிவாகவில்லை. அது பன்னாட்டுக் கடலில்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கியது. தாய்க்கப்பலின் தாள்களைப் பார்த்து அனுப்பிவிடும் அதிகாரி, அது இழுத்துச் செல்லும் பொருளையும் பயணிக் கப்பலாகவே நடத்த வேண்டும் என்று எந்த நாடாவது சட்டம் இயற்றட்டும். அதற்குப் பிறகு உங்கள் சான்றைப் பற்றிப் பேசலாம். அதுவரை நான் செந்தூல் அம்மாவின் பக்கம்தான்.