9,090 துண்டுக் கப்பல்: பெட்டியைப் பிரிக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இங்கே கேரளாவுல பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில கணக்கு டீச்சரா இருந்து, இந்த மே மாசம் 56 முடிஞ்சு ஓய்வு பெற்றேன். வந்த பணத்துல பொண்ணு கல்யாணக் கடனை அடைச்சாச்சு, வீட்டுக்கு ஓடு மாத்தியாச்சு. மிச்சத்துல எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னு ஆசை. சின்னச் சின்ன பிளாஸ்டிக் கல்லைச் சொருகிக் கட்டற பொம்மை விக்கற லெகோ கம்பெனியோட பெரிய டைட்டானிக் கப்பல், இல்லைன்னா அவங்களோட ஈஃபில் கோபுரம்.

சிரிக்காதீங்க. முப்பது வருஷமா கன அளவும் விகிதமும் கரும்பலகையில போட்டுக் காட்டினவ நான். 200-ல ஒரு பங்குன்னு சொன்னா அது எப்படி இருக்கும்னு கையால தொட்டுப் பார்க்கணும்.

வீட்டுக்காரர், "இந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு பிடிக்கலாம்"ங்கறார். பெங்களூர்ல இருக்கற பையன், "வாங்குங்கம்மா, ஆனா பெட்டியைப் பிரிக்காதீங்க, பத்து வருஷம் கழிச்சு ரெட்டிப்பு விலைக்குப் போகும்"ங்கறான். பிரிக்காம வைக்கறதுக்கு நான் எதுக்கு வாங்கணும்?

யாராச்சும் நிஜமா கட்டிப் பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க. கண்ணாடி போட்ட கண்ணுக்கு முடியுமா? எத்தனை நாள் ஆகும்? கட்டின பிறகு எங்கே வைக்கறது?

புத்தூர்க்காரன்:

மேடம், நான் ஆந்திரா புத்தூர். எலும்புக் கட்டுக்குப் பேர் போன அதே புத்தூர்தான், அதனால துண்டு துண்டா இருக்கறதை ஒட்டுறது எங்க ஊர்ல யாருக்கும் புதுசில்லை.

என் யோசனை சுருக்கமா: அதே கப்பல் மாதிரியே பேர் இல்லாத பெட்டியில அஞ்சுல ஒரு பங்கு விலைக்குக் கிடைக்குது. நான் ஒரு சின்ன காரை அப்படித்தான் வாங்கினேன். தூரத்துல இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியலை. மிச்சக் காசுக்கு மாட்டையும் பிடிச்சுடலாம், வீட்டுல சண்டையும் வராது.

செங்கோட்டை ஆசாரி:

டீச்சர், வணக்கம். செங்கோட்டையில மரவேலைப் பட்டறை வச்சிருக்கேன். நீங்க கேக்குத அதே கப்பல் எங்க வீட்டு முன்ரூம்ல நிக்கி. படிச்சதச் சொல்லல, கட்டுனதச் சொல்லுதேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கிடுங்க.

மவன் குவைத்துல இருந்து கொண்டாந்தான், எனக்கு அறுபது முடிஞ்ச வருசம். ஊர்ல அவனவன் தகப்பனுக்கு வாட்சு, சென்ட்டுன்னு எடுத்துட்டு வருவான், இவன் பொம்மப் பெட்டியத் தூக்கிட்டு வாரானேன்னு எனக்கு எரிச்சல். ரெண்டு வாரம் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு.

ஒரு நா ராத்திரி சும்மா ஒரு துண்ட எடுத்து வெர்னியர் வச்சு அளந்தேன். கல்லு மேல சொருகுததுக்குப் பொடைச்சிருக்குத ஒரு குமிழு மையத்துக்கும் அடுத்த குமிழு மையத்துக்கும் நடுவுல சரியா 8 மில்லிமீட்டர். கல்லோட ஒசரம் 9.6. சப்பைத் தட்டோட ஒசரம் 3.2. அதாவது மூணு தட்ட அடுக்குனா ஒரு கல்லு. அஞ்சு தட்ட அடுக்குனா 16 மில்லி, அது ரெண்டு குமிழு இடம். அதனால தட்டுகளப் படுக்க வச்சுக் கட்டிட்டு, மொத்தமாத் திருப்பிப் பக்கவாட்டுல சொருகுனாலும் அளவு பிசகாது. ரெண்டு குமிழு அகலக் கல்ல அளந்தா 16 இல்ல, 15.8தான் வருது. அந்த 0.2, பக்கத்துக் கல்லோட உரசாம இருக்க விட்ட எடம். நாம கதவுக்கும் நெலைக்கும் நடுவுல ஒரு நூல் விடுதோம்லா, அதே யோசன. 1958-ல டென்மார்க்குல காப்புரிமைக்கு எழுதிக் குடுத்த கல்லு, இன்னைக்கு வந்த கல்லோட பொருந்துதாம். என் பட்டறையில போன பங்குனிக்குச் செஞ்ச டிராயரு இந்தச் சாரலுக்குத் தொறக்க மாட்டேங்கு.

அந்த ராத்திரியே எரிச்சல் போயிட்டு. மறுநா சாயங்காலம் பெட்டியப் பிரிச்சேன்.

புத்தூர்த் தம்பி சொன்னதுக்கும் இதுலயே பதில் இருக்கு. சின்னக் காருல துண்டுக்கு ஒரு மயிரிழை பிசகுனா ஒண்ணும் தெரியாது. ஒன்றேகால் மீட்டருக்கு மேல நீளுத கப்பல்ல அதே மயிரிழை சேந்துக்கிட்டே போனா, கடைசியில மேல்தளம் வந்து ஒக்காராது. மலிவு மரத்துல ஸ்டூலு செய்யலாம், அஞ்சடி சட்டம் அடிக்கக் கூடாது.

இனி கப்பலுக்கு வாரேன். நெசக் கப்பல் 269 மீட்டர். 200-ஆல வகுத்தா 134.5 சென்டிமீட்டர், இது 135. நீங்க கணக்கு டீச்சரு, ஒங்களுக்கு இது இனிக்கும். ஒசரம் 44, அகலம் 16. மூணாப் பிரியும், பிரிச்சா உள்ள பெரிய படிக்கட்டு, கொதிகலன் அறை, சின்னச் சின்னக் கேபின்னு எல்லாம் வெட்டிப் போட்ட பலாப்பழமாட்டம் தெரியும். பின்னால மூணு விசிறி இருக்கு, அதச் சுத்துனா உள்ள எஞ்சின் பிஸ்டன் ஏறி எறங்கும். நான் சொல்லுதேன், மொத்தக் கப்பல்லயும் ஒசத்தியான எடம் அதுதான். அதக் கட்டி முடிச்ச அன்னைக்கு வீட்டுக்காரிய அடுப்படியில இருந்து கூப்புட்டுக் காட்டுனேன். "இதுக்குத்தான் தோசையக் கருக விட்டியளா"ன்னா.

பொகைபோக்கி நாலும் வரும். நெசக் கப்பல்ல நாலாவது கொதிகலனுக்கு இல்ல, காத்தோட்டத்துக்குத்தான். இங்கயும் அத மாட்டும்போது ஒரு மாதிரி வெறுமையாத்தான் இருந்துச்சு, அது என் மனசுல படுதது.

இப்பம் கசப்பச் சொல்லுதேன். ஒடம்புப் பகுதி, அதாவது கறுப்பு வெளிச்சுவரு, உயிர எடுத்துரும். கறுப்பு மேல கறுப்பு, ஒரே மாதிரி சன்னலு, ஒரு துண்டு முடிச்சா அதே துண்டு இன்னொருக்க, பெறவு இன்னொருக்க. அம்பது பேருக்கு முறுக்குச் சுத்துத கணக்குத்தான். மூணு பாகம் இருக்குல்லா, நடுப்பாகத்துக்கு வரும்போதே கை பாட்டுக்குச் செய்யும், மனசு வேற எங்கயோ போயிரும். அப்பத்தான் தப்பு நடக்கும். ஒரு வரிசைய நான் ஒரு குமிழு தள்ளி வச்சுட்டேன். தெரிஞ்சது ரெண்டு நாள் கழிச்சு. பிரிச்சு மறுபடி கட்ட ரெண்டு ராத்திரி. அவிய குடுத்த ஆரஞ்சுக் கலருப் பிரிகோலு இல்லாட்டா நகம் பேந்திருக்கும்.

கண்ணுக்கு ஒண்ணும் ஆவாது, ஆனா வெளக்கு முக்கியம். தலைக்கு மேல டியூப்லைட்டு மட்டும் போட்டா கறுப்புல குமிழும் தெரியாது, குழியும் தெரியாது. மேசை வெளக்க எடது பக்கம் தாழ வச்சு, சரிஞ்சு வெளிச்சம் விழணும், நாங்க இழைப்புப் போட்ட பலகையில மேடுபள்ளம் பாக்குத மாதிரி. துண்டுகளுக்கு டப்பா வாங்காதிய. கறுப்புத் துண்டு வெள்ளைத் தாம்பாளத்துல, வெள்ளைத் துண்டு எவர்சில்வர் தட்டுல. அம்புட்டுத்தான்.

நான் ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு மணி நேரம். வைகாசி கடைசியில ஆரம்பிச்சேன், ஆவணி பொறந்து முடிஞ்சுது. நடுவுல சாரல் நேரம் கரண்டு போயி, எமர்ஜென்சி வெளக்குல பாக்கதுக்குள்ள பேத்தி ஒரு துண்டத் தட்டி விட்டா. மூணு நா கழிச்சு தரை தொடைக்குத வாளியில கெடச்சுது. ஃபேன் போடாதிய, பிள்ளைகளுக்குத் தனியா ஒரு கிண்ணத்துல பத்துத் துண்டு குடுத்துருங்க. எம் பேத்தி அதுல ஆரியங்காவு தாண்டி தென்மலை போற வழியில இருக்குத பதிமூணு கண்ணுப் பாலத்தக் கட்ட ஆரம்பிச்சா. 1904-ல ரயிலு ஓட ஆரம்பிச்ச தடத்துப் பாலம், எங்க ஊருப் பிள்ளைகளுக்கு அதவிடப் பெரிய அதிசயம் கெடையாது. மூணு கண்ணுல துண்டு தீந்துட்டு.

கடைசியா, எங்க வைக்கது. இதத்தான் நீங்க மொதல்ல கேட்டிருக்கணும். ஒங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து, எனக்கு ஆரியங்காவுக் கணவாய்க் காத்து. ரெண்டு பேரு வீட்டுலயும் ஆடி மாசம் மேசையத் தொட்டா வெரலு அச்சு விழும். இந்தக் கப்பல்ல கயிறு, கிரேனு, படகுன்னு நுணுக்கமா இருக்கு, துணியால தொடைக்க முடியாது, பெயின்ட் பிரஸ்ஸால தட்டணும். அதனால கண்ணாடிப் பெட்டி கட்டாயம். நான் உள்ளளவு 150க்கு 30க்கு 55 சென்டிமீட்டர் வச்சு அடிச்சேன், மரைன் பிளைவுட்டுல. கப்பலுக்கு மரைன் பிளைதானன்னு கடைக்காரன் கேலி பண்ணுனான். அஞ்சடி நீளத்துக்கு 19 மில்லிப் பலகை போட்டாலும் நாளாவட்டத்துல நடுவுல தொய்யும், அடியில ஒரு தாங்கல் குடுங்க. வெயிலு நேரா விழுத சன்னலு பக்கம் வச்சா வெள்ளைத் துண்டு மஞ்சளடிச்சுப் போவும். எடம் மாத்தும்போது மூணாப் பிரிச்சு ஒவ்வொண்ணாத் தூக்குங்க.

ஈஃபிலு நான் கட்டல, அளவு மட்டும் தெரியும். 10,001 துண்டு, 149 சென்டிமீட்டர் ஒசரம், அடியில 57க்கு 57. ஒரு மேசை மேல வச்சியள்னா நம்ம வீட்டு ஃபேனு அதோட தலையச் சீவிரும். தரையில வச்சா தூணு நட்ட மாதிரி வழிய மறிக்கும். நாலு பக்கமும் வலைப்பின்னலு, ஒங்க ஊருக் காத்துக்கு அது தூசி சலிக்குத சல்லடை. கப்பலு சொவரோட ஒட்டி நிக்கும். என் ஓட்டு கப்பலுக்கு.

குமுளி ஏலக்கா:

ஆசாரியண்ணே, கேபினெட்டுக்குப் படம் போடுங்க!

டீச்சரம்மா, உங்க பையன் சொன்னதுக்கு மட்டும் ஒரு வார்த்தை. லெகோ 2008-ல தாஜ்மகால் விட்டாங்க, 5,922 துண்டு. அது கடையில நின்னுபோன பிறகு பழைய பெட்டிக்கு விலை எங்கேயோ ஏறிச்சு. பிரிக்காம வச்சிருந்தவங்க எல்லாம் மனக்கோட்டை கட்டிக்கிட்டு இருந்தாங்க. 2017-ல கம்பெனியே அதைத் திரும்ப விட்டாங்க, ஒரே ஒரு துண்டு மட்டும் கூடுதலா. பழைய பெட்டி விலை இறங்கிருச்சு. ஏலக்கா விலையைப் பார்த்துப் பொழைக்கற எங்களுக்கு இது புதுசா என்ன? பூட்டி வச்சா ஏறும்னு எவன் எழுதிக் குடுத்தான்? பிரிங்க டீச்சர்.

புத்தூர்க்காரன்:

ஆசாரி சார் மயிரிழைக் கணக்குல என்னைக் கவுத்துட்டார். என் கார்ல ஒரு கதவு மூடாம இருக்கறது இப்பத்தான் ஞாபகம் வருது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றிங்க. ஆசாரியண்ணா, உங்க பதிலை வீட்டுக்காரருக்கு உரக்கப் படிச்சுக் காட்டினேன். தோசை கருகின இடத்துல சிரிச்சுட்டார். மாட்டுப் பேச்சு இன்னிக்கு வரலை.

முன் அறையில ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவுல சுவத்துக்குள்ள பதிச்ச ஷோகேஸ் ஒண்ணு இருக்கு. உள்ளளவு நீளம் 128, ஆழம் 45 சென்டிமீட்டர். நேரா வைக்க 7 சென்டிமீட்டர் பத்தலை. ஆனா மூலைவிட்டம் போட்டுப் பார்த்தேன். 128-ஓட வர்க்கம் 16,384, 45-ஓட வர்க்கம் 2,025, கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 135.68 வருது. கப்பல் 135. குறுக்கால வச்சா போகும்தானே?

செங்கோட்டை ஆசாரி:

டீச்சர், கணக்கு சரி, கப்பலு போவாது. மூலைவிட்டம் கோட்டுக்கு. கோட்டுக்கு அகலம் கெடையாது, கப்பலுக்கு 16 இருக்கு. முன்மூக்கு கூரா இருக்கதால ஒரு மூலைக்குள்ள போயி நொழஞ்சுக்கிடும், பின்பக்கம் உருண்டை, அது மத்த மூலையில முட்டும்.

ஒண்ணு செய்யுங்க. நியூஸ் பேப்பர ஒட்டி 135க்கு 16 வெட்டிக்கிடுங்க. முன்ரூம்ல எங்கெல்லாம் வைக்கலாம்னு தோணுதோ அங்கெல்லாம் ஒரு வாரம் போட்டுப் பாருங்க. நடக்க எடம் இருக்கா, கதவு தொறக்குதா, வெயிலு எத்தன மணிக்கு விழுது, எல்லாம் அதுலயே தெரிஞ்சு போவும். நான் எந்த வீட்டுக்கு அலமாரி அடிச்சாலும் பலகை வெட்டுததுக்கு முந்தி இதத்தான் செய்யது. இல்லன்னா அந்த ஷோகேசுலயே மூணு பாகத்தையும் தனித்தனியா சரிச்சு வைங்க, உள் அறை எல்லாம் வெளிய தெரியும், அதுவும் ஒரு அழகுதான். தட்டுக்கு மேல 44 ஒசரம் இருக்கான்னு மட்டும் அளந்து சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

தட்டுக்கு மேல 40 தான் இருக்குங்கண்ணா. பேப்பர் வெட்டி டிவிக்கு எதிர் சுவத்தோரம் பெஞ்சு மேல போட்டிருக்கேன். வெயில் படலை, கதவும் திறக்குது. பூனைதான் சாயங்காலத்துல இருந்து அது மேல படுத்துட்டு எந்திரிக்க மாட்டேங்குது.