பூங்காவில் மகளைத் தேடிய இருபது நிமிடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நகரத்தின் நடுவே இருக்கும் பெரிய பூங்காவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு ஒன்றரை. அங்கே எங்கள் ஆறு வயதுக்காரியைத் தொலைத்துவிட்டுக் கண்டுபிடித்தோம். முடிவு நல்லதுதான், அதனால் பயப்படாமல் படியுங்கள்.

மணல் தொட்டியில் விளையாடிய சின்னவனின் ஷூ நிறைய மணல். நான் குனிந்து அதைக் கழற்றித் தட்டிக்கொண்டிருந்தேன். கணவர் தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போயிருந்தார். பெரியவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அவள் அப்பா பின்னால் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவர் தனியாகத் திரும்பி வருவதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

ஊஞ்சலில் இல்லை. சறுக்கு மரத்தில் இல்லை. சின்னவனை அவர் கையில் திணித்துவிட்டு நான் நேராகக் குளத்துக்கு ஓடினேன். தண்ணீர் இருக்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமலே காலுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் சரியும்கூட. தண்ணீரில் விழுந்த குழந்தை பெரும்பாலும் கத்தாது, கத்துவதற்கு மூச்சே இருக்காது. குளம் அமைதியாக இருந்ததே எனக்குப் பெரிய பயமாக இருந்தது. கரையைச் சுற்றி ஓடிப் பார்த்து, அங்கே இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்றதை யோசிக்க முடிந்தது.

காவலாளி ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன கலர் டிரஸ்?" மஞ்சள் என்று சொன்னேன். அவரும் மஞ்சள் கவுனைத் தேடி ஓடினார். ஐந்து நிமிடம் கழித்துத்தான் நினைவு வந்தது, கிளம்பும்போது தண்ணீர் கொட்டிவிட்டது என்று நான்தான் அவளுக்கு நீலச் சட்டையை மாற்றிவிட்டேன். பெற்ற தாய்க்கு இது தெரியாதா என்று அந்த நேரத்தில் நினைத்துவிடாதீர்கள். பதற்றத்தில் எதுவும் நிற்காது. இப்போதெல்லாம் வாசலில் நுழைந்ததும் இரண்டு பிள்ளைகளையும் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுகிறோம். தலை முதல் செருப்பு வரை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நடுவில் கணவர் போன் செய்து, "எங்கே நிற்கிறாய்?" என்றார். "ஒரு பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்றேன். அங்கே எல்லாமே பெரிய மரம். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. விளக்குக் கம்பங்களில் நான்கு இலக்க எண் இருக்கும். முன்னால் இருக்கும் இலக்கங்கள் பக்கத்துத் தெருவைக் காட்டும். கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் பூங்காவின் கிழக்குப் பக்கம், ஒற்றைப்படை என்றால் மேற்கு. 341 ஹெக்டேர் பூங்காவில் ஒருவர் தான் நிற்கும் இடத்தைச் சொல்ல ஒரு கம்பத்தின் எண் போதும். அந்தப் பூங்காவை 1858இல் வடிவமைத்த ஓல்ம்ஸ்டெடும் வாக்ஸும் பாதைகளை வேண்டுமென்றே வளைத்து வளைத்துத்தான் போட்டார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் புதிதாக ஒரு காட்சி வர வேண்டும், நகரம் கண்ணில் படக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். அழகுதான். ஆனால் பத்தடி தள்ளிப் புதருக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையும் அதே வளைவில் மறைந்துபோகும். எங்கள் பூங்காவிலும் பாதைகள் அப்படித்தான் வளைந்து போகின்றன, கம்பத்தில் எண் மட்டும் இல்லை.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிய நேரத்தில், மூங்கில் புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வயதான குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. முழுப் பெயர். முன்பின் கேட்டிராத குரல். அந்த இடத்தில் "அம்மா" என்று ஒரு குழந்தை கூப்பிட்டால் ஐம்பது பேர் திரும்புவார்கள். என் பெயருக்கு நான் ஒருத்திதான் திரும்பினேன்.

மகள் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அணில் பின்னாலேயே போனவள், அது மரத்தில் ஏறியதும் திரும்பிப் பார்த்திருக்கிறாள், எங்களைக் காணவில்லை. மணல் தொட்டியிலிருந்து அந்த இடம் நூற்றைம்பது அடி இருந்தாலே அதிகம். நான் தூக்கியபோது அவள் முழங்கையின் உள்பக்கம் முழுக்க மரப்பட்டையின் வரி வரியான அச்சு. ஓர் எறும்பு சட்டைக் கையில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தட்டிவிட்டுத்தான் அழுதேன்.

பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாதான் கூப்பிட்டவர். நடைப்பயிற்சிக்கு வந்தவராம். அவரிடம், "நீங்கள் ஏன் இவளை வாசலுக்குக் கூட்டிப் போகவில்லை?" என்று கேட்டேன். குறையாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டேன். "அம்மா வருவாங்க, நான் நகரக் கூடாதுன்னு பாப்பா சொன்னா. அப்புறம் நான் எப்படிம்மா கூட்டிட்டுப் போறது? அம்மா பேரு என்னன்னு கேட்டேன், சொன்னா. அதான் கூப்பிட்டேன்" என்றார். ஓடிக்கொண்டிருந்த ஒரு தம்பியைக் கூப்பிட்டு வாசலில் தகவல் சொல்ல அனுப்பியதும் அவர்தான். எனக்கு அந்த நேரத்தில் இவ்வளவு நிதானம் வந்திருக்காது. பாவம் குழந்தை என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நாலு பக்கமும் தேடியிருப்பேன். நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம் என்று மாலை முழுவதும் சுற்றியிருப்போம்.

மரத்தைக் கட்டிப்பிடிக்கும் யோசனை எனக்குச் சொந்தமில்லை. 1981இல் கலிபோர்னியாவின் பாலமார் மலையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வழிதவறி இறந்துபோனான். அவனைத் தேடியவர்கள் அதன் பிறகு குழந்தைகளுக்காகத் தொடங்கிய பயிற்சியின் பெயரே 'மரத்தைக் கட்டிப்பிடி' என்பதுதான். தொலைந்துவிட்டோம் என்று தெரிந்ததும் அலையாமல் ஓர் இடத்தில் நில், பயமாக இருந்தால் மரத்தைப் பிடித்துக்கொள், அதோடு பேசு. தேடுகிறவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட இடத்துக்குக் குழந்தை நகர்ந்து போனால் கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டம். எப்போதோ படித்ததைத் தூங்கும் நேரத்தில் ஒரு கதையாகச் சொல்லியிருந்தேன். ஒரே ஒரு முறை. அவள் அதை மறக்கவில்லை. அதோடு அம்மா அப்பாவின் முழுப் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். போன் நம்பர் மறந்தாலும் பெயர் மறக்காது.

வீட்டில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பிள்ளைகளை விட்டு நகர்வதற்கு முன் "நீ பார்த்துக்கோ" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் "சரி" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் நகரக் கூடாது. என் கணவர் இதை என்னைவிடக் கண்டிப்பாகச் செய்கிறார்.

அடுத்த வாரமே மறுபடி போனோம். போகாமல் விட்டால் பயம் என்னோடு தங்கிவிடும் என்று தோன்றியது. மகள் நேராக அந்த மரத்துக்குப் போய்த் தம்பியை இழுத்து வந்து காட்டினாள். பெஞ்ச் காலியாக இருந்தது. அந்த அம்மாவிடம் பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இப்போது ஞாயிறுதோறும் அதே நேரத்துக்குப் போகிறோம்.