வட்டநடை மட்டும் போதுமா? பாகுவா மென்கையும் மோதிப் பழகுதலும்

பனைநிழல்:
வேலை நிமித்தம் பெய்ஜிங்கில் இருக்கிறேன். பதினான்கு மாதங்களாக விடியற்காலையில் சொர்க்கக் கோயில் பூங்காவில் ஒரு முதியவரிடம் பாகுவாஜாங் கற்று வருகிறேன். கையை முட்டியாக மடக்காமல் விரித்த உள்ளங்கையால் இயங்கும் சீனத் தற்காப்புக் கலை இது. தசை வலிமையைவிட மென்மையை நம்பும் 'உள்முறை'க் கலைகளில் ஒன்று. என் ஆசிரியர், இக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான செங் திங்ஹுவாவின் வழியில் வந்தவர். இதுவரை கற்றவை இரண்டே: வட்டத்தில் நடப்பது, திசை திரும்பும்போது செய்யும் ஒற்றைக் கைமாற்றம்.

போன வாரம் என் அறை நண்பர் பேச்சுவாக்கில் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவர் குத்துச்சண்டை பழகியவர். என் உடம்பு மரக்கட்டையாக இறுகிவிட்டது. தோள் காதுவரை ஏறியது, மூச்சும் நின்றது. இத்தனை மாதம் பழகிய மென்மை ஒரு நொடிகூட எனக்கு உதவவில்லை. அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. ஆசிரியர் சொல்வதுபோல் இன்னும் நடக்க வேண்டுமா, மோதிப் பழகும் வேறு இடம் தேட வேண்டுமா?

தென்திசை:
உங்கள் கேள்விக்கு உங்கள் தோளே பதில் சொல்லிவிட்டது, நண்பரே. எதிர்ப்பே இல்லாத இடத்தில் பழகிய மென்மை எதிர்ப்பு வந்ததும் போய்விடும். இது உங்கள் குறையன்று, பயிற்சி முறையின் குறை.

2017ஆம் ஆண்டு செங்டூவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கலப்புச் சண்டைப் (எம்எம்ஏ) பயிற்சியாளர் ஷு சியாவ்தோங்கும், பாகுவாவைப் போலவே மென்மையை நம்பும் தாய்ச்சிக் கலையின் ஆசிரியர் வெய் லெயும் மோதினார்கள். அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை, தாய்ச்சி ஆசிரியர் தரையில் கிடந்தார். முகத்தை நோக்கி வரும் அடியை அவர் அதற்குமுன் பழகிப் பார்த்தவராகவே தெரியவில்லை. நான் ஜூடோவில் ஒன்பது ஆண்டுகள் கழித்தவன். என் பிடியில் மென்மை வந்தது, ஆயிரம் முறை தூக்கி எறியப்பட்ட பிறகு. பயம் போனால்தான் தசை தளரும். பூங்காவில் மரத்தைச் சுற்றி நடந்தால் பயம் போகாது.

மருதவல்லி:
தென்திசை சொல்வதில் பாதியை ஏற்கிறேன், மறுபாதி எனக்கு வருத்தம் தருகிறது. நான் சிங்கப்பூரில் பதினோர் ஆண்டுகளாகத் தாய்ச்சி பழகுகிறேன். தொழிலால் இயன்முறை மருத்துவர்.

சீனர்கள் 'சொங்' என்று சொல்வதை நாம் 'தளர்ச்சி' என்று மொழிபெயர்த்துக் கெடுத்துவிடுகிறோம். தளர்ந்த கை துணி மாதிரி தொங்கும். சொங் உள்ள கையில் வேண்டாத இறுக்கம் மட்டும்தான் நீங்கியிருக்கும். கையை நீட்டித் தள்ளும்போது வேலை செய்ய வேண்டியது மேற்கையின் பின்புறத் தசை. பழகாதவருக்கு முன்புறத் தசையும் சேர்ந்து இறுகும். வண்டியை ஓட்டிக்கொண்டே பிரேக்கையும் மிதிப்பது போன்றது இது. தோளை இறக்கு, முழங்கையைத் தொங்கவிடு, உள்ளங்கை நடுவைக் குழியவிடு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையை வளைவாக வை என்று பாகுவா ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வது இந்தப் பிரேக்கை எடுக்கத்தான்.

வட்டநடையை யாரும் மட்டமாக எண்ண வேண்டாம். சேற்று வயலில் கால் வைப்பதுபோல் பாதத்தைத் தட்டையாக வழுக்கி முன்னே செலுத்த வேண்டும். முழங்கால்கள் உரசுமளவு நெருங்க வேண்டும். இடுப்பு மட்டம் ஏறி இறங்கக் கூடாது. மேலுடல் வட்டத்தின் மையத்தை நோக்கித் திரும்பியிருக்க, கால்கள் வேறு திசையில் போகும். பத்து நிமிடம் இப்படி நடந்து பாருங்கள், தோளால் வேலை செய்யும் பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று தெரியும். பதினான்கு மாதம் இதற்கு அதிகமன்று.

தென்திசை:
விளக்கம் அருமை, தோழி. ஆனால் பனைநிழல் கேட்டதற்கு இதில் விடை இல்லை. பிரேக்கை எடுக்கத் தனியாகப் பழகினார், எடுத்தும் இருக்கலாம். தள்ளியவுடன் அது தானாக விழுந்துவிட்டதே? நடையை இன்னும் இரண்டு ஆண்டு கூட்டினால் இது சரியாகும் என்பதற்கு என்ன ஆதாரம்?

பழஞ்சுவடி:
இருவரும் ஒரு செய்தியை விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் இந்த விவாதத்தின் உயிர்நாடியாகப் படுகிறது.

பாகுவாவைப் பெய்ஜிங்கில் பரப்பியவர் தொங் ஹாய்ச்சுவான். ஹெபெய் மாநிலத்து வென்ஆன் வட்டாரத்தில் பிறந்தவர், 1882இல் மறைந்தார். அவரிடம் வந்த முதல் மாணவர்கள் யார்? செங் திங்ஹுவா மல்யுத்தம் தெரிந்தவர். மூக்குக்கண்ணாடித் தொழில் செய்ததால் 'கண்ணாடி செங்' என்றே பெயர் பெற்றவர். யின் ஃபூ, லோஹான் என்ற சண்டை முறை பழகியவர். அவர்கள் கையில் முன்பே இருந்ததை ஒட்டித்தான் தொங் கற்பித்தார் என்பது வழிவழிச் செய்தி. செங்கின் கிளையில் விரல் விரிந்த 'டிராகன் நகக் கை'யும் வளைந்து சுழலும் உடலும், யின் கிளையில் விரல் சேர்ந்த 'எருதின் நாக்குக் கை'யும் குத்தி நுழையும் வீச்சும் இருப்பதற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். பிறகு வந்த சுன் லுதாங் (1860–1933), செங்கிடம் வருமுன் சிங்யி என்ற இன்னொரு சீனத் தற்காப்புக் கலையில் தேர்ந்திருந்தார். 1916இல் பாகுவா பற்றி நூலே எழுதினார்.

ஆக, அடி வாங்கியும் கொடுத்தும் பழகிய உடம்பின் மேல் கட்டப்பட்ட மாடி இது. அஸ்திவாரம் இல்லாதவரை நேராக மாடிக்கு ஏற்றுகிறோம். அந்நாளில் மாணவன் வரும்போதே கொண்டுவந்ததை இந்நாளில் ஆசிரியர்தான் கொடுத்தாக வேண்டும். பல ஆசிரியர்கள் கொடுப்பதில்லை. இந்தக் கலையை நேசிப்பவன் என்பதால் இதைச் சொல்லும்போது நெஞ்சு வலிக்கிறது.

தென்திசை:
இதைத்தான் நானும் சொல்கிறேன், ஐயா. இரண்டு ஆண்டு ஜூடோ, பிறகு பாகுவா.

பழஞ்சுவடி:
இல்லை, நீங்கள் சொல்வது வேறு. வட்டநடை வீண் என்கிறீர்கள். நான் அது தனியாகப் போதாது என்கிறேன். ஒற்றைக் கைமாற்றத்தில் முன்பாதம் உள்நோக்கி வளைந்து கொக்கியாக விழுகிறதே, எதிரியின் காலுக்குப் பின்னே அது விழுந்தால் அவர் நிலை குலைவார். மல்யுத்தம் தெரிந்த செங்குக்கு அது பார்த்தவுடன் புரிந்திருக்கும். பனைநிழலுக்கு அது வெறும் திரும்பும் அடி.

மருதவல்லி:
ஐயா சொன்னபின் என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். எங்கள் தாய்ச்சியில் இந்த இடைவெளியை நிரப்பத்தான் 'துய்ஷோ' இருக்கிறது. இருவர் முன்கையோடு முன்கை ஒட்டி, தள்ளியும் வாங்கியும் பழகுவது. முதல் ஆண்டு முழுவதும் நானும் பனைநிழலைப் போலவே இறுகினேன். தள்ளுபவர் விசையை இம்மி இம்மியாகக் கூட்டினார். ஒரே நாளில் முழு விசையோடு தள்ளியிருந்தால் நான் பயத்தைத்தான் பழகியிருப்பேன். ஆகவே எடுத்தவுடன் முகத்தில் குத்து வாங்கும் இடத்துக்குப் போகாதீர்கள் என்பதில் மட்டும் அசைய மாட்டேன்.

1954இல் சீனக் கரையோர நகரான மக்காவ்வில் நடந்த போட்டியையும் மறக்கக் கூடாது. ஐம்பதைக் கடந்த தாய்ச்சி ஆசிரியர் வு கொங்யி, தம்மைவிட மிக இளையவரான 'வெள்ளைக் கொக்கு' என்ற சண்டை முறையைச் சேர்ந்த சென் கஃபுவை எதிர்த்து நின்றார், மூக்கில் ரத்தமும் வரவழைத்தார். இரண்டாம் சுற்றில் நிறுத்தி, வெற்றி தோல்வி இல்லை என்று அறிவித்தார்கள்.

தென்திசை:
அந்தப் படச்சுருளை நானும் பார்த்திருக்கிறேன். வு நின்ற துணிவை வணங்குகிறேன். ஆனால் அதில் ஒட்டும் கை எங்கே, விசையை வாங்கித் திருப்பும் கை எங்கே? இருவருமே கையை வீசி வீசி அடித்துக்கொள்கிறார்கள். வாழ்நாளெல்லாம் மென்மை பழகிய குடும்பத்தில் பிறந்தவருக்கே நெருக்கடியில் அது கைகொடுக்கவில்லை. சிறுகச் சிறுக விசை கூட்டலாம், ஒப்புகிறேன். ஆனால் ஒருநாள் முழு விசையைத் தொட்டே ஆக வேண்டும். அந்த நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

பனைநிழல்:
மூவருக்கும் நன்றி. இன்று காலை ஆசிரியரிடம், நண்பர் தள்ளியதையும் நான் இறுகியதையும் ஒளிக்காமல் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் என் முன்கையின் மேல் தம் முன்கையை வைத்து, இருவரும் ஒரே வட்டத்தில் எதிரெதிராக நடக்கும்படி செய்தார். நான்காவது அடியில் லேசாக அழுத்தினார். என் தோள் உடனே ஏறியது. கையை எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. இப்படியே ஒரு மணி நேரம். கடைசிச் சில சுற்றுகளில் ஒரே ஒருமுறை, அவர் அழுத்தியபோது தோள் அசையாமல் இடுப்பு திரும்பியது. அவர் கை என் மார்பைத் தாண்டி வெறுமையில் போனது.

தென்திசை:
முழு விசையோடு தள்ளினாரா?

பனைநிழல்:
இல்லை. அதையும் கேட்டேன். இதை ஏன் முன்பே தொடங்கவில்லை என்றும் கேட்டேன். முதல் கேள்விக்கு விடை சொல்லவில்லை. இரண்டாவதற்கு, "நீ கேட்கவில்லை" என்றார். சனிக்கிழமை என் அறை நண்பரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்.