நைட் ஷிஃப்டில் இருப்பவர்கள் தினமும் வேதம் வாசிப்பது எப்படி?

ஷிஃப்ட்காரன்:
ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு வேலை. சபையில் யாரைக் கேட்டாலும் விடியற்காலை எழுந்து வாசி என்கிறார்கள், எனக்கு அப்போதுதான் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். வேதத்தை ஒரு வருடத்தில் முடிக்கும் அட்டவணையும் இரண்டாம் புத்தகமான யாத்திராகமம் வரை சுகமாகப் போகிறது, அடுத்த புத்தகமான லேவியராகமத்தில் பலி, குஷ்டம் என்று வந்ததும் படுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

நாகர்கோவில் அக்கா:
தம்பி, விடியற்காலைதான் என்று யார் சொன்னது? முதலாம் சங்கீதமே இரவும் பகலும் என்கிறது. வேதாகமத்தில் 1189 அதிகாரம், வருடத்தில் முடிக்க தினமும் மூன்று நான்கு ஓட வேண்டும். அதை விடுங்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், தினம் ஒன்று, பக்கத்தில் ஒரு நோட்டு. ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு உயிரோடு எழுப்பிய யவீருவின் மகளுக்கு வயது 12, வழியில் இயேசுவைத் தொட்ட பெரும்பாடுள்ள (தீராத ரத்தப்போக்குள்ள) ஸ்திரீ கஷ்டப்பட்டதும் 12 வருஷம். ஓட்டமாக வாசித்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

பழைய வாலிபன்:
அக்கா சொல்வது சரி, ஆனால் முழு வேதத்தையும் விட்டுவிடக் கூடாது. ஸ்காட்லாந்துப் போதகர் மக்செயின் 1842-ல் போட்ட அட்டவணையில் தினமும் நான்கு இடங்களில் வாசிப்பு, லேவியராகமம் நடக்கும்போதே நீதிமொழிகளும் சங்கீதமும் கூட வரும், அதனால் சலிக்காது. இது வெறும் சடங்காகிவிடும் ஆபத்து உண்டு என்று அவரே எச்சரித்துமிருக்கிறார். நாலும் முடியாவிட்டால் இரண்டு.

ஷிஃப்ட்காரன்:
சரி பிரதர், முதலில் மாற்கு. ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டதும், படுக்கும் முன்னால்.