லேப்டாப் சார்ஜர் போட்டால் ஆம்ப்பில் இரைச்சல், சத்தம் கூட்டினால் கட் ஆகிறது – உதவி தேவை

மாடிவீட்டுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை. பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்க காசும் இல்லை, வைக்க இடமும் இல்லை. அதனால் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்டீரியோ பவர் ஆம்ப் வாங்கினேன். உள்ளே டிபிஏ3116 சிப். பெட்டியில் 100+100 வாட் என்று அச்சடித்திருக்கிறது. அடாப்டர் கூட வரவில்லை, அதனால் வீட்டில் கிடந்த பழைய லேப்டாப் அடாப்டரை மாட்டினேன். 19 வோல்ட், 3.42 ஆம்பியர். ஸ்பீக்கர்கள் மாமா வீட்டுப் பழைய மியூசிக் சிஸ்டத்தில் இருந்து கழற்றியவை, 4 ஓம். பாட்டு லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் இருந்து போகிறது.

பாட்டு நன்றாகவே இருக்கிறது. ஆனால் லேப்டாப்புக்கு சார்ஜர் போட்டதும் இரண்டு ஸ்பீக்கரிலும் ‘கிர்ர்’ என்று ஒரு இரைச்சல். மவுஸை அசைத்தால் அதற்கேற்ப ‘கீச் கீச்’ என்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் சுத்தமாக நின்றுவிடுகிறது. போனில் இருந்து ப்ளூடூத்தில் போட்டாலும் இரைச்சல் இல்லை. அப்படியே ப்ளூடூத்தில் ஓட்டலாம்தான், ஆனால் படம் பார்க்கும்போது உதடு முன்னே போகிறது, குரல் பின்னே வருகிறது.

இன்னொன்று, குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருப்பினால் டிரம்ஸ் விழும் இடத்தில் சத்தம் ஒரு நொடி நின்று திரும்ப வருகிறது. ஆம்ப் போய்விட்டதா?

பழைய4440:
தம்பி, பயப்பட வேண்டாம், ஆம்ப் போகவில்லை. 4440 என்ற பழைய ஆம்ப் ஐசி போட்டு நூறு செட்டாவது கட்டியிருப்பேன். இரைச்சல் வந்தால் முதலில் கிரவுண்டைத்தான் பார்ப்போம். ஸ்பீக்கர் இரண்டின் மைனஸ் வயரையும் ஒன்றாக முறுக்கி ஆம்ப் பாடியில் ஒரு ஸ்க்ரூவில் பிடித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வோம்.

செம்புக்கம்பி:
அண்ணா, மன்னிக்கணும், அதை மட்டும் செய்ய வேண்டாம். 4440-ஐ ஸ்டீரியோவாகப் போடும்போது ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்டிலேயே இருக்கும், அதனால் நீங்கள் சொல்வது அதற்குச் சரி. இந்த சிப் பிரிட்ஜ் வகை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் ஆம்ப்தான் தள்ளுகிறது. மைனஸ் என்று எழுதியிருக்கும் முனையிலும் சப்ளையில் பாதி வோல்ட் இருக்கும். அதை பாடியில் தொட்டால் ஷார்ட். நல்ல சிப்பாக இருந்தால் பாதுகாப்பு வேலை செய்து நின்றுவிடும், இல்லாவிட்டால் புகை.

மாடிவீட்டுக்காரருக்குச் சில கேள்விகள். இரைச்சல் வரும்போது ஆம்ப் குமிழைத் திருப்பினால் இரைச்சலும் கூடிக் குறைகிறதா, இல்லை ஒரே அளவில் நிற்கிறதா? சத்தம் நிற்கும் அந்த ஒரு நொடியில் ஆம்ப்பின் விளக்கு அணைகிறதா? கடைசியாக, ஆம்ப்பின் உலோகப் பெட்டியை வெறுங்காலோடு புறங்கையால் தடவினால் சுரீர் என்று மெல்லிய அதிர்வு தெரிகிறதா?

இசைப்பித்து:
எனக்கும் இதே லேப்டாப் இரைச்சல் இருந்தது. சார்ஜர் ப்ளக்கில் இருக்கும் பெரிய எர்த்து பின்னைக் கழற்றிவிட்டேன். அன்றோடு சரியாகிவிட்டது. அஞ்சு பைசா செலவில்லை.

மாடிவீட்டுக்காரன்:
குமிழைத் திருப்பினால் இரைச்சலும் கூடுகிறது. விளக்கு: ஆமாம், சத்தம் நிற்கும்போது நீல விளக்கும் அணைந்து எரிகிறது, இதை நான் கவனித்ததே இல்லை. மூன்றாவது கேள்விதான் ஆச்சரியம். புறங்கையில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது! லேப்டாப் மூடியிலும் அப்படித்தான். இத்தனை நாளும் அது லேப்டாப்பின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செம்புக்கம்பி:
அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, மூன்று. ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால்தான் குழப்பம்.

விளக்கு அணைந்து எரிகிறது என்றால் நிற்பது ஆம்ப் இல்லை, அடாப்டர். சிப் சூடேறியோ ஷார்ட் ஆகியோ நின்றால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 19 வோல்ட் சப்ளையில் ஸ்பீக்கருக்கு உச்சத்தில் சுமார் 17.5 வோல்ட் கிடைக்கும். 4 ஓமில் அது பக்கத்துக்கு 38 வாட் சொச்சம். இரண்டு பக்கமும் சேர்த்து 76. வீணாகும் சூட்டையும் கூட்டினால் அடாப்டரிடம் 85 வாட் கேட்கிறீர்கள். அது தருவது 19 பெருக்கல் 3.42, அதாவது 65. கொடுக்க முடியாமல் ஒரு கணம் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பத் திறக்கிறது. பெட்டியில் இருக்கும் 100+100 எல்லாம் அந்தக் காலத்து டூ-இன்-ஒன் மேல் ஒட்டியிருந்த பிஎம்பிஓ வாட் (ஒரு கண உச்சத்தைச் சொல்லி ஊதிய கணக்கு) மாதிரி. இந்த சிப்பின் தயாரிப்பாளரே சொல்வது 21 வோல்ட்டில் 4 ஓமுக்குப் பக்கத்துக்கு 50 வாட், அதுவும் 10 சதவீதச் சிதைவோடு.

ஆனால் ஒரு சந்தேகம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சராசரி 10 வாட் கேட்டாலே பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார். நீங்கள் 65 வாட்டை எப்படித் தீர்க்கிறீர்கள்? பேஸ் குமிழ் எங்கே நிற்கிறது, உண்மையைச் சொல்லுங்கள்.

மாடிவீட்டுக்காரன்:
...முழுசாக வலது பக்கம். லேப்டாப்பில் ஈக்வலைசரிலும் கொஞ்சம்.

செம்புக்கம்பி:
அதைத்தான் நினைத்தேன். பேஸை 6 டெசிபல் கூட்டினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு வாட் வேண்டும், 10 கூட்டினால் பத்து மடங்கு. குமிழை நடுவில் வைத்தாலே பாதி வியாதி போய்விடும்.

இப்போது இரைச்சல். இரண்டு அடாப்டரையும் சுவரில் இருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை பீப் அடிக்கும் இடத்தில் வைத்து, ப்ளக்கின் எர்த்து பின்னுக்கும் டிசி முனையின் வெளிவளையத்துக்கும் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் பீப் அடிக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் லேப்டாப்பின் மைனஸும் ஆம்ப்பின் மைனஸும் இரண்டு வழியில் இணைந்திருக்கின்றன: ஒன்று ஆடியோ வயரின் மேலுறை, இன்னொன்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் எர்த்து. இந்த வளையத்தில் லேப்டாப்பின் சப்ளை கரண்டில் ஒரு துளி ஆடியோ வயர் வழியாகவும் ஓடும். ஆம்ப்புக்கு அதுவும் பாட்டுதான், பெருக்கிக் கொடுத்துவிடும். மவுஸ் அசைந்தால் லேப்டாப் இழுக்கும் கரண்ட் மாறுகிறது, அதுதான் உங்கள் ‘கீச் கீச்’. சார்ஜரைப் பிடுங்கினால் வளையம் அறுந்துவிடும். குமிழோடு இரைச்சல் கூடுவதும் இதற்குப் பொருந்துகிறது. குமிழுக்கு முன்னாலேயே நுழைகிறது.

மூன்றாவது, அந்த எறும்பு. இதுதான் மூன்றிலும் முக்கியம். அடாப்டருக்குள் ஃபேஸில் இருந்து எர்த்துக்கும், நியூட்ரலில் இருந்து எர்த்துக்கும் சின்னக் கெப்பாசிட்டர்கள் (கண்டென்சர்கள்) இருக்கும். சுவரில் எர்த்து இருந்தால் அந்தக் கசிவு சத்தமில்லாமல் பூமிக்குப் போய்விடும். எர்த்து இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய பாதி வோல்ட்டில் பெட்டி மிதக்கும். உங்கள் ஸ்விட்ச் போர்டில் எர்த்து இல்லை என்றே நினைக்கிறேன். இசைப்பித்து, உங்கள் வீட்டில் வேலை செய்தது வளையத்தை அறுத்ததால்தான், மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு அந்தச் சார்ஜருக்குள் ஏதாவது பிளந்தால் கரண்ட் போக வேறு பாதை இல்லை, உங்கள் கைதான். பின்னைத் திரும்ப மாட்டுங்கள்.

இசைப்பித்து:
அடடா. சரி, புது ப்ளக்கே போட்டுவிடுகிறேன்.

மாடிவீட்டுக்காரன்:
நீங்கள் சொன்னபடி இரண்டு அடாப்டரும் பீப் அடித்தன. கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணாவை வரச்சொல்லி போர்டை அளந்தோம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 108, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 105. அவர் சிரித்துக்கொண்டே ‘எர்த்தே இல்லை’ என்றார். ஸ்விட்ச் பாக்ஸைக் கழற்றினால் பச்சை வயர் எங்கும் மாட்டாமல் சுவருக்குள் சுருண்டு கிடக்கிறது. இப்போதைக்கு நியூட்ரலில் இருந்து ஒரு துண்டு வயர் எர்த்துக்கு இழுத்துவிடவா என்று கேட்டார். என்ன சொல்லட்டும்?

செம்புக்கம்பி:
வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் உங்கள் ஆம்ப் பெட்டி, லேப்டாப், எல்லாவற்றின் மேலும் முழு 230 வோல்ட் வந்து உட்காரும். சுருண்டு கிடக்கும் அந்தப் பச்சை வயர் கீழே எர்த்து குழி வரை போகிறதா என்று பார்த்து, அதை முறையாகப் பின்னில் மாட்டச் சொல்லுங்கள். பிறகு அளந்தால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 228 பக்கம் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் அதையும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

எர்த்து வந்த பிறகும் ‘கிர்ர்’ போகாது, வளையம் அப்படியேதான் இருக்கும். அதற்கு லேப்டாப்புக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், அது வயர் இணைப்பை அறுத்துப் பாட்டை மட்டும் கடத்தும். கார் ஸ்டீரியோ கடையில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டால் தருவார்கள். ரொம்ப மலிவானது அடி பேஸைக் கொஞ்சம் தின்னும். உங்கள் விஷயத்தில் அது நல்லதற்கே!

பழைய4440:
தம்பி, 24 வோல்ட் அடாப்டர் வாங்கிவிட்டால் இன்னும் கொஞ்சம் ஏறுமே? சிப் 26 வரை தாங்கும் என்று படித்தேன்.

செம்புக்கம்பி:
சிப் தாங்கும் அண்ணா. ஆம்ப்புக்குள் இருக்கும் கண்டென்சர் தாங்குமா என்பதுதான் கேள்வி. மாடிவீட்டுக்காரரே, மூடியைத் திறந்து பெரிய கண்டென்சர் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மாடிவீட்டுக்காரன்:
25 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட்.

செம்புக்கம்பி:
அப்போது 24 வேண்டாம். 35 வோல்ட் கண்டென்சர் இருந்தால் போடலாம். 25-இல் 24-ஐ ஏற்றினால் விளிம்பில் நடப்பது மாதிரி. 19-இல் இருந்து 24-க்குப் போனால் கிடைப்பதும் வெறும் 2 டெசிபல், காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே 19 வோல்ட்டில் 6.32 ஆம்பியர் லேப்டாப் அடாப்டர் கிடைக்கும், 120 வாட். அதை வாங்குங்கள். வாங்குமுன் முனை அளவு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழைய4440:
அட, கண்டென்சர் வோல்ட்டைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். இத்தனூண்டு ஆம்ப்புக்கு ஹீட் சிங்க் தீப்பெட்டி அளவுகூட இல்லையே என்று முதலில் சிரித்தேன், உங்கள் கணக்கில் சூடாக வீணாவது கொஞ்சம்தான் என்று இப்போது புரிகிறது. எங்கள் 4440-இல் அரை மணி நேரம் பாட்டு ஓடினால் ஹீட் சிங்கில் கை வைக்க முடியாது!

மாடிவீட்டுக்காரன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பச்சை வயர் கீழே குழி வரை போகிறது, மாட்டியாகிவிட்டது. அளந்தால் 227, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1.4. எறும்பு போயே போய்விட்டது, லேப்டாப் மூடியிலும் இல்லை. நீங்கள் சொன்ன மாதிரியே ‘கிர்ர்’ மட்டும் அப்படியே இருந்தது. ஐசொலேட்டரை நடுவில் போட்டதும் அதுவும் நின்றது. லேப்டாப் வால்யூமை 90-க்கு ஏற்றி ஆம்ப் குமிழைக் குறைத்து வைத்திருக்கிறேன். காதை ஸ்பீக்கரில் ஒட்டினால் லேசாக ‘உஸ்’ கேட்கிறது, அவ்வளவுதான்.

120 வாட் அடாப்டரும் வந்துவிட்டது. ஆனால் பேஸை நடுவில் வைத்த பிறகு பழைய அடாப்டரிலேயே ஒரு தடவைகூட நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமையலறை போர்டையும் கையோடு அளந்தோம். ஃப்ரிட்ஜ் இருக்கும் பாயிண்ட்டிலும் இதே கதை. வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனை அனுப்புகிறேன் என்றிருக்கிறார். செலவு யாருடையது என்று இன்னும் பேசவில்லை.