மறு: சீன அதிகாரிகளின் இடைவாரில் தைத்த கல்லுக்குச் சொல்

தா.க. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். சீன உடை வரலாற்று நூலின் ஆறாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதிகாரிகள் கட்டிய தோல்வாரில் வரிசையாகத் தைத்த, ஜேடு என்ற மணிக்கல்லின் துண்டுக்கு ஒரு சொல் வேண்டும். சீனத்தில் அதன் பெயர் க்வா. வரைவில் மூன்று விதமாக வந்திருக்கிறது: பச்சைக்கல் பதக்கம், மரகத மேகலை, கச்சைத் தகடு. படவிளக்கத்தில் இடம் மிகக் குறைவு.

க.மு. எழுதியது:

மூன்றும் ஆகாது. பதக்கம் தொங்குவது, க்வா வாரோடு ஒட்டிக் கிடப்பது. மரகதம் வேறு கனிமம். பச்சைக்கல் என்றால் இன்னொரு சிக்கல்: சீனர் உயர்வாக மதித்தது மேற்கே கோத்தான் என்ற ஊர்ப் பக்கத்து வெள்ளைக் கல்லை. செங்டு நகரில் அரசர் வாங் ஜியான் (இறப்பு 918) கல்லறையில் எடுத்த வாரின் கற்கள் வெள்ளைதான். 915இல் அரண்மனை எரிந்ததையும், மறுநாள் சாம்பலில் கிடைத்த கல்லில் இந்த வாரைச் செய்ததையும் அதன் நுனித்துண்டிலேயே பொறித்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்குக் கீழே ‘வெள்ளைப் பச்சைக்கல்’ என்று போட முடியுமா? ஜேடு என்றே இருக்கட்டும்.

கச்சை என்பது இறுக்கிக் கட்டுவது. மிங் அரசமரபுக் காலத்து வார் இடையை இறுக்கவே இல்லை. அங்கியின் இரு பக்கத்துக் கண்ணிகளில் தளர்வாகத் தாங்கி நின்றது.

ம.ந. எழுதியது:

மேகலையை அவ்வளவு எளிதில் தள்ளிவிட வேண்டாம், ஐயா. கோவை எட்டானால் காஞ்சி, ஏழு மேகலை, பதினாறு கலாபம், பதினெட்டு பருமம், முப்பத்திரண்டு விரிசிகை என்று பழைய வெண்பா வகுக்கிறது. எண்ணிக்கையால் பெயர் மாறும் இடையணி நம்மிடம் இருக்கிறது. சீனத்திலும் எண்ணிக்கைதான் தகுதி. தாங் அரசின் 674ஆம் ஆண்டு ஆணைப்படி மூன்றாம் நிலை அதிகாரிகளுக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் (முதல் நிலையே உயர்ந்தது) பொன், ஜேடு வாரில் 13 க்வா, நான்காம் நிலைக்குப் பொன்னில் 11, ஐந்துக்கு 10, ஆறுக்கும் ஏழுக்கும் வெள்ளியில் 9, பொதுமக்களுக்குச் செம்பு, இரும்பில் 7. ஆகவே ‘பதின்மூன்று கோவை’ என்றால் தமிழ்க் காதுக்கு உடனே விளங்கும்.

செ. எழுதியது:

விளங்காது, அம்மா. கோவை என்பது மணி கோத்த சரம். க்வா ஒற்றை வாரில் தனித்தனித் தகடு. பதின்மூன்று கோவை என்றால் வாசகர் பதின்மூன்று சரங்களைத்தான் நினைப்பார். தவிர மேகலை, காஞ்சி எல்லாம் பெண்கள் அணிபவை.

என் பரிந்துரை ‘வில்லை’. வில்லைச் சேவகன் என்று அகராதியிலேயே இருக்கிறது. டவாலியில் பதவியைக் காட்டும் பித்தளைத் தகட்டுக்கு வில்லை என்றுதான் பெயர். வாரில் இருக்கும் பதவி அடையாளம் என்ற பொருள் இதைவிட நேராக வேறெதில் கிடைக்கும்?

மிங் தொகுதியில் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 20: முன்னால் நடுவில் மூன்று, அவற்றின் இருபுறமும் பீச் பழ வடிவில் மும்மூன்றாக ஆறு, ஒடுங்கிய செவ்வகம் இரண்டு, நுனித்துண்டு இரண்டு, முதுகுப்புறம் ஏழு. முறையே நடுவில்லை, கனிவில்லை, ஒடுக்குவில்லை, வால்வில்லை, முதுகுவில்லை. நுனித்துண்டின் சீனப் பெயரிலும் வால் இருக்கிறது.

க.மு. எழுதியது:

பள்ளிப் பாடநூலில் வில்லை என்றால் கண்ணாடி வில்லை. ‘ஜேடு வில்லை’ என்று படிக்கும் மாணவர் ஒளி ஊடுருவும் கல்லையே நினைப்பார். மேலும் மிங் முறையில் ஜேடு முதல் நிலைக்கு உரியது. இரண்டாம் நிலைக்கே காண்டாமிருகக் கொம்புதான். சேவகன் அணிந்த பொருளின் பெயரை முதல் நிலை அமைச்சர்மீது ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. ‘வார்த்தகடு’ போதும்.

ம.ந. எழுதியது:

தகடு என்றால் உலோகம். தட்டி மெலிதாக்கியது. கல்லைத் தட்டினால் என்ன ஆகும்?

வினைச்சொல்லையும் கவனியுங்கள். வரைவில் எங்கும் ‘செதுக்கிய’ என்று இருக்கிறது. ஜேடில் உளி வேலை செய்யாது. இந்த ஜேடின் கனிம வகையான நெப்ரைட்டில் இழைகள் பின்னிக் கிடப்பதால் அது சில்லாகப் பெயராது. கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோ அளவில் அது 6 முதல் 6.5, குவார்ட்சு மணல் 7. நீரில் குழைத்த மணலைச் சுழலும் சக்கரத்தில் தடவித் தடவித்தான் உருவத்தை எடுப்பார்கள். அவசரப்பட்டு அழுத்தினால் சூடேறிக் கல் வெடிக்கும். ‘மண்ணுறு மணியின் மாசற மண்ணி’ என்கிறது புறநானூறு 147. ‘மண்ணிய ஜேடு’ என்று எழுதலாமே.

செ. எழுதியது:

அழகான சொல். ஆனால் இன்று படிப்பவருக்கு மண் ஒட்டிய ஜேடு என்றுதான் தோன்றும். ‘அராவிய’ போதும். சாணைக்காரர்கள் இன்றும் புழங்கும் சொல்.

‘பதித்த’ என்பதையும் எடுத்துவிடுங்கள். துண்டின் பின்புறம், மூலைதோறும் இரண்டு துளைகளைச் சாய்வாகக் குடைந்து உள்ளே சந்திக்க விடுவார்கள். சீனர் இதை யானை மூக்குத் துளை என்பார்கள். அதில் நூலோ கம்பியோ நுழைத்து வாரோடு கட்டுவது வழக்கம். முன்முகத்தில் துளை தெரியாது. சாய்வு தப்பினால் மூலை பெயர்ந்துவிடும். ஆகவே ‘தைத்த’.

தா.க. எழுதியது:

நேற்று இரவு வரை வந்தவற்றில் ‘வார்வில்லை’க்கு நான்கு பேர், ‘வார்த்தகடு’க்கு இருவர், ‘கோவை’க்கு ஒருவர். வார்வில்லை என்று ஏற்றுகிறேன். முன்னால் வார் இருப்பதால் கண்ணாடிக் குழப்பம் வராது. ‘செதுக்கிய’ எல்லாம் ‘அராவிய’ ஆகும். ஒவ்வொரு இயலிலும் முதன்முறை க்வா என்ற சீனப் பெயரும் கூட வரும்.

க.மு. எழுதியது:

அச்சுக்குத் தடை சொல்லவில்லை. சொல்லடைவில் வார்த்தகட்டையும் மாற்றுச் சொல்லாகச் சேருங்கள். கனிவில்லையை மட்டும் மீண்டும் பாருங்கள். கனிவு என்று பிரித்துப் படிக்க இடமிருக்கிறது.